புலி மார்க் வர்ணமும் நண்பரின் முகமும்

கல்கத்தாவில் இருந்த நாட்களில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சீட்டாட்டம் என்றால்கூட ஊரில் மன்னித்திருப்பார்கள். நான் படம் எழுதிக்கொண்டிருந்தேன். சுவரில் மாட்டுகிற படமாக இருந்தாலாவது, வருகிறவர்கள் போகிறவர்களில் நாலு பேர் ‘பரவாயில்லை’ என்று சொல்லியிருப்பார்கள். நான் எழுதியது குங்குமச் சிமிழின் மூடி அளவுக்கு, தந்தத் தகட்டின் மேல், மனித முகம். அதைப் பார்க்க வேண்டுமானால் ஒருவர் ஜன்னலோரம் போய்க் கண்ணைச் சுருக்கி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை பாடுபட்டுப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்லும் தெம்பு யாருக்கும் மிச்சமிருக்காது. அந்தத் தைரியத்தில்தான் என் கலை வளர்ந்தது.

பகலில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. வாசம் காளிகாட்டில், கோயிலுக்குப் பின்புறச் சந்தில், நம்மவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில். என் அறைக்கூட்டாளி கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. திருநெல்வேலிக்காரர், நல்ல உயரம். கப்பலடியில் கூலிகளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். சாப்பிடும்போது அவர் ‘மோர்’ என்றால் அடுத்த சந்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மாலை கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு குரலே எழும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஓய், ஊர்லேருந்து கெட்ட சேதியா?”

“நீரே படியும்” என்று நீட்டினார்.

அவருக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் கல்கத்தா உத்தரவு வந்து ரயிலேறிவிட்டார். பெண்ணின் தகப்பனார் படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதால் அவள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். இவருக்கு லீவும் கிடைக்கவில்லை. இப்போது தகப்பனார் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டதால் அடுத்த மாதம் அவளைக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. கடிதம் அவளே எழுதியது. நாலே வரி.

‘கல்யாணத்தன்று ஹோமப் புகையில் கண் எரிந்தது. மற்ற நேரமெல்லாம் தலையைக் குனியச் சொன்னார்கள். உங்கள் முகம் எனக்கு நினைவில்லை. துணைக்கு வருகிற சித்தப்பா கல்யாணத்துக்கே வராதவர். அவ்வளவு பெரிய ஸ்டேஷனில் யாரிடம் போய் நிற்பேன் என்று பயமாயிருக்கிறது.’

நான் சிரிப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். எதற்கும் சிரிக்கிறவன் என்று எனக்குப் பெயர். எனக்கே ஆச்சரியமாக, சிரிப்பு வரவில்லை. “ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்” என்றேன்.

“அது ஆகாது வே. எங்கப்பா போட்டோ எடுத்துண்டார். ஒரு மாசம்கூடத் தங்கலை. அன்னிக்கு அம்மா என் கையைத் தன் தலையிலே வச்சுண்டு சத்தியம் வாங்கிட்டா, காமிரா முன்னாலே நிக்கவே கூடாதுன்னு.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “கையால எழுதினாப் பாவமில்லைன்னு தோணறது” என்றார்.

மூன்று வருஷமாக யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். கேட்டபோது எப்படித் தட்டிக் கழிக்கலாம் என்று யோசித்தேன். நான் எழுதுகிற முகம் ஒருவரைப் போல இருக்கும், ஆனால் அந்த ஒருவர் யார் என்பதுதான் தகராறு. இதுவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது ஒரு பெண் ஆயிரம் மைல் தாண்டி, என் கைவேலையை நம்பி ஒருவன் பக்கத்தில் போய் நிற்கப் போகிறாள்.

இன்னொன்று, அவகாசம் இல்லை. கடிதமென்றால் அவள் கைக்குப் போய்விடும், படத்தைப் பார்சலாகப் போட்டால் மாமனார்தான் பிரிப்பார். பெண்டாட்டிக்குத் தன் படத்தை அனுப்பும் மாப்பிள்ளை என்று அக்கிரகாரமே சிரிக்கும். காளிகாட்டில் குடும்பத்தோடு இருந்த ஒரு பாங்க் உத்தியோகஸ்தர் அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார். அவருடைய சம்சாரம் பெண்ணின் ஊர்க்காரி. அந்த அம்மாள் கையில் ரகசியமாகக் கொடுத்தனுப்புவது என்று முடிவாயிற்று.

நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் வர்ணப் பெட்டியை எடுத்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானியின் சாமான்களை ஏலம் போட்டபோது வாங்கியது. பன்னிரண்டு வில்லைகள், மூடியில் லண்டன் முத்திரை. அதைப் பார்த்ததும் நண்பர் துள்ளி எழுந்தார்.

“இதுலயா? விலாயத்திச் சாயத்துலயா, சீமைச் சரக்குலயா?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் சுதேசி அலை அடித்துக்கொண்டிருந்த காலம் அது. என் நண்பர் ஒரு கூட்டத்தில் ஆவேசம் வந்து, காளி சந்நிதியில் நின்று, அன்னியச் சரக்கைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். மல் வேட்டி போயிற்று. சீமைச் சர்க்கரை போயிற்று. எங்கள் காப்பியில் இரண்டு மாதமாக வெல்லம். பகலெல்லாம் சீமைச் சரக்கை எண்ணி இறக்கி வைக்கிற உத்தியோகம் பார்த்துக்கொண்டே இந்த விரதம். கேட்டால், “எண்ணறதுக்கும் தொடறதுக்கும் வித்தியாசம் உண்டு வே” என்பார். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. துரைக்குத் தெரிந்துவிடும் என்று காளியிடம் நேரிலேயே சொல்லி விலக்கு வாங்கிக்கொண்டவன்.

“ஓய், இது உம்ம மூஞ்சிங்காணும், வேட்டி இல்லை.”

“மூஞ்சிங்கறதாலதான் சொல்றேன்.”

தர்மதலாவில் சுதேசிக் கடை ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே படம் எழுதும் வர்ணமும் வந்திருப்பதாக அவர் விசாரித்து வைத்திருந்தார். மறுநாள் மாலை டிராமேறிப் போனோம். கடைக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லியான வங்காளி. ஒரு தகரப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மூடியின் மேல் ஒரு புலி. அதை எழுதியவர் பூனையை மட்டும் நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். உள்ளே ஆறு கிளிஞ்சல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் குழம்பாகக் கட்டியிருந்தது. ரசாயனம் படித்த ஒரு பட்டதாரி, மாணிக்தலாப் பக்கம் ஒரு கொட்டகையில் தானே காய்ச்சுகிறாராம்.

“மொஷாய், நிறம் மங்கிப் போகாதே?” என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்டேன்.

“போகவேண்டியவன் வெள்ளைக்காரன்தான் பாபு. இந்த நிறம் போகாது” என்றார் அவர். நண்பர் அந்த இடத்திலேயே பெட்டியை வாங்கிவிட்டார்.

புது வர்ணத்தை எடுத்த உடனே முகத்தில் பூசிவிட முடியாது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு குணம் உண்டு. சிலது தண்ணீரைக் கண்டால் ஓடும், சிலது தகட்டைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்னும். லண்டன் வில்லைகளின் பன்னிரண்டு குணமும் எனக்கு அத்துப்படி. அதனால் முதலில் பரீட்சை. உடைந்த தந்தச் சீப்பு ஒன்றிலிருந்து இரண்டு துண்டு எடுத்து, ஒன்றில் லண்டன் வர்ணத்தாலும் மற்றதில் புலி வர்ணத்தாலும் நண்பருடைய நெற்றியை மட்டும் எழுதினேன்.

இங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. லண்டன் பெட்டி ரோஜா நிறக் கன்னங்களுக்காகச் செய்தது. நம் ஆட்களின் நிறம் வேண்டுமென்றால் நாலு வில்லைகளைக் கலக்க வேண்டும். கலந்தால் மழையில் நனைந்த கோணிச் சாக்கின் நிறம் வரும். இத்தனை நாளாக என் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் ஏன் நோயாளிகளாக இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. புலிப் பெட்டியிலோ மூன்றாவது கிளிஞ்சலில் ஒரு பழுப்பு. பீர்பூம் ஜில்லாச் செம்மண்ணிலிருந்து எடுத்ததாம். ஒரே பூச்சு. நண்பரின் நெற்றி! வெயிலில் கப்பலடியில் நின்று கறுத்த அதே நெற்றி, எண்ணெய் மினுமினுப்பு உட்பட.

அதோடு இன்னொரு விஷயம். தூரிகையின் முனையைக் கூர்மையாக்க அதை உதட்டில் வைத்து இழுப்பது என் வழக்கம். எச்சில் என்று மெஸ்ஸில் யாருக்கும் சொல்வதில்லை. லண்டன் வர்ணம் கசக்கும். புலி வர்ணம் தித்தித்தது. இரண்டாம் தடவை தேவைக்கு மேலேயே கூர்மையாக்கினேன். சந்தேகமில்லை, கேஜூர் குர், அதாவது ஈச்ச வெல்லம். வர்ணம் காய்ந்து வெடிக்காமலிருக்கச் சீமையில் தேனோ சர்க்கரையோ சேர்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நம் பட்டதாரி அன்னியச் சர்க்கரை வேண்டாமென்று, நல்ல வங்காளியாக, பனிக்காலத்துப் புது வெல்லத்தைக் கொட்டியிருக்கிறார்.

அதன் பலன் இரண்டாம் நாள் காலையில் தெரிந்தது. இரண்டு துண்டுகளையும் அலமாரித் தட்டில் வைத்திருந்தேன். எறும்புகள் வரிசையாக வந்து, லண்டன் நெற்றியை ஏறெடுத்தும் பாராமல் தாண்டி, புலி நெற்றியில் பாதியைத் தின்று முடித்திருந்தன.

மெஸ் சமையற்காரர் எட்டிப் பார்த்தார். “எறும்புகூட சுதேசியாயிடுத்து, பார்த்தேளா! நீங்கதான் பாக்கி” என்றார்.

நண்பரைக் கூட்டிவந்து காட்டினேன். “இந்த லட்சணத்துல இது ஊர் போய்ச் சேர்றபோது வெறும் தகடுதான் இருக்கும் ஓய். அவ எதைப் பார்த்து உம்மை அடையாளம் கண்டுபிடிப்பா?”

“ஒரு கண்ணாவது மிஞ்சாதா?”

“விளையாடாதேயும். பழைய பெட்டியிலேயே எழுதிடறேன். நல்ல காரியத்துக்குத்தானே? காளி மன்னிப்பா.”

அவர் பாதி நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலடிக் குரல் இல்லை. “சத்தியம் பண்ணினதை அவளுக்கு எழுதியிருக்கேன். ஊர்ல எல்லாரும் கேலி பண்ணினாளாம். இவ மட்டும், செஞ்சது சரின்னு பதில் போட்டா. முதல் முதல்ல அவ கைக்குப் போற என் மூஞ்சி பொய்யா இருக்கலாமா வே?”

அவர் வேலைக்குப் போனபின் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று சீட்டு அனுப்பிவிட்டு, லண்டன் பெட்டியைத் திறந்து நல்ல தகட்டில் அவர் முகத்தை ஞாபகத்திலிருந்தே எழுத ஆரம்பித்தேன். எந்தப் பெட்டி என்று யாருக்குத் தெரியப் போகிறது? அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தான். நானோ ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். அவளை முதன்முதலாகப் பார்த்து நமஸ்காரம் என்று சொல்லும்போதே, ‘அது சீமைச் சாயம் அம்மா’ என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பாதி முகம் ஆனதும் பார்த்தேன். மஞ்சள் காமாலை கண்ட ஒரு ஜில்லா ஜட்ஜ் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியால் அவரைத் துடைத்துவிட்டு, புலிதான் என்று தீர்மானித்தேன். மனச்சாட்சி பாதி, ஜட்ஜ் பாதி.

எறும்புக்கு வழி காணவேண்டுமே. மேலே கண்ணாடி போட்டு அடைத்துவிடலாம் என்றேன். கண்ணாடி பெல்ஜியத்துச் சரக்கு என்றார் நண்பர். அவருக்குத் தெரியாத சரக்கு உண்டா? ஒரு நாள் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் அவரே கப்பலடியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே அப்பிரகம், துரைமார் மைக்கா என்பது. பீகார்ச் சுரங்கத்திலிருந்து சீமைக்கு ஏற்றுமதியாகும் சரக்கு. பெட்டி கட்டும்போது உதிர்ந்த ஏடுகளில் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கியிருந்தார். கண்ணாடி போலத் தெளிவு, வெங்காயத் தோல் போல மெலிவு. ஓரத்தில் அரக்கு வைத்து ஒட்டினால் எறும்பு என்ன, அதன் மூச்சுகூட உள்ளே போகாது.

ஞாயிறும் விடுமுறையாய்க் கிடைத்த திங்களுமாக அவரை ஜன்னலோரம் உட்கார்த்தி எழுதினேன். கப்பலடியில் நாள் முழுக்க நிற்கக்கூடியவர், நாற்காலியில் கால் மணி உட்கார முடியாமல் நெளிந்தார்.

“சிரியாதேயும்.”

“நான் சிரிக்கலை வே. மூஞ்சியே அப்படி.”

“எச்சில் முழுங்கும்போது சொல்லிட்டு முழுங்கும்.”

செவ்வாயும் புதனும் ஆபீஸ் போகுமுன் கண்களையும் மீசையையும் முடித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது முதல் தடவையாக என் படத்தில் ஒருவர் இருந்தார். யார் என்பதில் தகராறே இல்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அப்பிரகம் ஒட்டலாம் என்பதால் மேஜையில் வைத்துவிட்டு, சமையற்காரரிடம், “எறும்பு அண்டாம ஒரு கண் வச்சுக்குங்கோ” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன்.

அவரிடம் அதைச் சொன்னது என் தப்பு. எறும்புக்கு எதிரி மஞ்சள்பொடி என்பது நம் சமையலறையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் முதலில் தகட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் போட்டிருக்கிறார். அத்தோடு நின்றிருக்கலாம். நல்ல மனுஷர். வளையத்தைத் தாண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டு, அரிசிப் பானைக்குப் போடுகிற மாதிரி படத்தின் மேலேயும் ஒரு சிட்டிகை தூவிவிட்டார். வெல்லம் சேர்ந்த வர்ணம், ஈரக் காற்று. பொடி அப்படியே பிடித்துக்கொண்டது.

மாலையில் நான் வந்தபோது என் நண்பர் நலங்கு வைத்த மணப்பெண் போல மேஜையில் ஜொலித்துக்கொண்டிருந்தார். அசல் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“அவளுக்கு நான் ஒண்ணுமே அனுப்பலைன்னு ஆயிடும்” என்றார். “படம் வரும்னு எழுதிட்டேன் வே.”

நாளை மறுநாள் வெள்ளி. புதிதாக எழுத நேரமில்லை. ஈரத்துணியால் துடைத்தால் மஞ்சளோடு முகமும் வந்துவிடும். நான் உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டிப் பொடியை உதிர்த்தேன். பொடி போயிற்று, கறை போகவில்லை. சமையற்காரர் கரண்டியோடு வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “ஏண்ணா, வேட்டியில மஞ்சள் பட்டா நாம என்ன பண்றோம்? வெயில்ல போட்டா தானாப் போயிடறதோன்னோ?” என்றார்.

போகும். மஞ்சள் கறை வெயிலுக்கு நிற்காது. ஆனால் வர்ணம் நிற்குமா? லண்டன் பெட்டியின் சிவப்பை ஒரு பகல் வெயிலில் வைத்தாலே சோகை பிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். புலியைப் பற்றிக் கடைக்காரர் வாயால் கேட்டதுதான். வேறு வழியில்லை. வியாழக்கிழமை காலையில் அப்பிரக ஏட்டை மேலே மூடி, மொட்டை மாடியில் வைத்தோம். எனக்கு மறுபடி வயிற்றுவலி. ஆபீஸில் என் வயிற்றைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட ஆரம்பித்தார்கள். நானும் சமையற்காரரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து காக்காய் விரட்டினோம். பத்து மணிக்கு மூக்கு தெளிந்தது. உச்சிவேளையில் கன்னம். மூன்று மணிக்கு மஞ்சள் போய், கீழே செம்மண் நிறம் ஒரு இழைகூட மங்காமல் நின்றது. மீசை ஓரத்தில் மட்டும் பொன் போல ஒரு சாயல் தங்கிவிட்டது. நானாக நினைத்து எழுதியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. அன்று மாலை அரக்கு வைத்து ஒட்டினேன். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் கையில் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஹௌரா ஸ்டேஷனில் மதராஸ் மெயிலுக்காக நின்றோம். நண்பர் அதிகாலையிலேயே இரண்டு தடவை குளித்திருந்தார். வண்டி நின்று, கூலிகளும் கூடைகளும் படுக்கைச் சுருள்களும் பிளாட்பாரத்தில் கவிழ்ந்தபோது என் தோளை இறுகப் பிடித்தார்.

“வே! அவ மூஞ்சி எனக்கும் ஞாபகமில்லையே!”

மூன்று ஆண்பிள்ளைகள், ஒரு பெட்டி வர்ணம், பீகார்ச் சுரங்கம் எல்லாம் சேர்ந்து பாடுபட்டதில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை. மடிசார் கட்டிய பெண்கள் கண்ணுக்கெட்டியவரை ஏழெட்டுப் பேர். “சும்மா நில்லும். அவ வருவா” என்றேன். படம் அவள் கையில் எந்த நிலையில் இருக்கிறதோ, யார் கண்டார்?

கூட்டம் கொஞ்சம் விலகியதும், மூன்றாவது பெட்டியருகே ஒரு பெண் தலைநிமிர்ந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. பின்னால் ஒரு பெரியவர் கூஜாவோடு திணறிக்கொண்டிருந்தார். அவள் கண் என்னைத் தாண்டிப் போயிற்று. நண்பரிடம் நின்றது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், மறுபடி உள்ளங்கை. பிறகு நேரே வந்து அவர் முன்னால் நின்றாள். அந்த அரைநிமிஷத்தில் நான் அனுபவித்த கர்வத்துக்கு இன்றுவரை பிராயச்சித்தம் செய்து முடியவில்லை.

“இவர்தான் சித்தப்பா” என்று பெரியவரைக் காட்டினாள். அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில், என் நண்பரிடம், “படத்துல ஒரு காதுதான் இருந்தது. இன்னொண்ணு என்ன ஆச்சோன்னு வழியெல்லாம் கவலையா இருந்தது” என்றாள்.

நேர்முகம் எனக்கு எழுத வராது. மூக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பிடிபடாது. அதனால் முகத்தை முக்கால் பக்கமாகத் திருப்பி வைத்து எழுதுவதே என் வழக்கம். கெட்டிக்காரர்கள் அதை ஒரு பாணி என்பார்கள். ஒரு பெண்ணை மூன்று நாள் ரயிலில் பதைக்க வைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் நண்பர் என்னைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில், தலையை மெதுவாகத் திருப்பி, அந்தப் பக்கத்துக் காதை அவளுக்குக் காட்டினார். அவள் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தாள்.

நான் கூஜாவை வாங்கிக்கொண்டு பெரியவரோடு முன்னால் நடந்தேன்.